ஒற்றைக் கையுறை

சாஸ்கடூன்
17 அக்டோபர் 1976

டேய் ஆலிஸ்,

முறைக்காதே. உன் பெயர் அவுலிஸ் என்று எனக்குத் தெரியாதா? மூன்று வருஷம் ஒரே ஓட்டல் அறையில், அடுத்த கட்டிலில், உன் குறட்டையைக் கேட்டவன் நான். முதல் நாள் பெயர்ப் பட்டியல் வாசித்த மடையன் உன்னை ஆலிஸ் ஆக்கினான். பெண்பிள்ளைப் பெயர் என்று அறையே சிரித்தது. நீயும் என்ன ஏது என்று தெரியாமல் கூடவே சிரித்தாய். அன்றைக்கே உன்னைப் பிடித்துவிட்டது எனக்கு.

சாஸ்கடூன் மோசமில்லை. காற்றுதான் காதை அறுக்கிறது. டோரீன் வீடு பிடித்துவிட்டாள். பயிற்சியாளர் பெயர் பிராண்ட். சிரித்து நான் இன்னும் பார்க்கவில்லை.

தண்டர் பே மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்று நீ கேட்டாய். அன்று சொல்ல வாய் வரவில்லை. இதுதான் சொன்னார்: "மெர்வ், ஹெல்சிங்கிலேருந்து ரெண்டு பசங்க வர்றாங்க. உன்னவிட வேகம். உனக்கோ முப்பத்திநாலு ஆச்சு. சாஸ்கடூன்காரங்க உன்னக் கேக்குறாங்க, போயிடு." அவ்வளவுதான். பதிமூன்று வருஷத்துக்கு ஒரு நிமிஷம்.

நான் பனி ஹாக்கி ஆட வந்தபோது அணியில் இருபது பேரும் இந்தக் கனடா மண்ணில் பிறந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே கெட்ட வார்த்தைகள் தெரியும். அப்புறம் நீ வந்தாய், ஒற்றை ஆள். தலையில் சட்டி மாதிரி ஒரு கவசம். வேடிக்கை பார்த்தோம். இப்போது உன்னை மாதிரி ஐந்து பேர். இன்னும் ஐந்து வருஷத்தில் நாங்கள்தான் வேடிக்கைப் பொருள் ஆவோம். உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டே வந்தால் கோபம் இருக்கிறது. என்ன செய்ய?

பஸ் ஏறிய அன்றைக்கு நான் என்ன உளறினேன் என்று சத்தியமாக நினைவில்லை. அவ்வளவு பீர். என் பெட்டியை நீதான் தூக்கி வந்தாயாம், டோரீன் சொன்னாள்.

உன் நாட்டு ஹெல்சிங்கிப் பையன்களுக்கு நான் உனக்குச் சொன்னதைச் சொல்லிக்கொடு. கையுறை கையில் இருக்கும்வரை எவனும் எவனையும் குத்தக் கூடாது. கையுறை கீழே விழுந்தால் சண்டைக்குச் சம்மதம். அது கையெழுத்து மாதிரி. போட்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல முடியாது.

மெர்வ்


தண்டர் பே
2 நவம்பர் 1976

அன்புள்ள மெர்வ்,

உனக்குக் கோபம் இருக்கிறது என்று எழுதினாயே, அது எனக்குப் பிடித்தது. இல்லை என்று எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

உன் கொக்கியில் இப்போது ஹெல்சிங்கிக்காரன் ஒருவன் சட்டையை மாட்டுகிறான். நல்ல பையன். எங்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் கடையில் ஏலக்காய் ரொட்டி வாங்கி வைத்துக்கொண்டு, தின்னாமல், முகர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவனை வெறுக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. உங்கள் மொழியை எனக்குக் கற்றுக்கொடுத்தது நீ. அதனால் எனக்குத் தெரிந்த சொற்களில் பாதியைப் பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாது. அவனுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?

பஸ் நிலையத்தில் நீ சொன்னது உனக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாய்: "டேய், நாம எதிரெதிரா ஆடுற அன்னைக்கு நீ கையுறையக் கழட்டு. நானும் கழட்டுறேன். உங்க ஊரு வழக்கப்படி கை குலுக்குவோம். பாக்குறவனெல்லாம் வாயப் பொளக்கட்டும்." எங்கள் ஊரில் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் கை குலுக்குவோம் என்றும், இங்கே வருஷத்தில் ஒரு தடவை, கடைசித் தொடர் முடிந்தபோதுதான் என்றும் நான் புலம்பிக்கொண்டே இருப்பேனே, அதற்காகத்தான் சொன்னாய். நீ அழுதாய், மெர்வ். அதையும் மறந்திருப்பாய்.

ஜனவரி 22ஆம் தேதி நாங்கள் சாஸ்கடூன் வருகிறோம். நீயும் நானும் ஒரே ஓரத்தில் எதிரெதிரே நிற்போம். ஆட்டம் தொடங்க நடுவர் ரப்பர் பக்கைப் பனியில் போடும்போது நான் வலது கையுறையைக் கழற்றிக் கீழே போடுவேன். உன் சட்டம் எனக்குத் தெரியும். வேறு யார் முன்னாலும் இதைச் செய்ய மாட்டேன். வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. எழுதாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

டோரீனுக்கு என் அன்பு.

அவுலிஸ் (ஆலிஸ் அல்ல)


சாஸ்கடூன்
30 ஜனவரி 1977

அவுலிஸ்,

நான்கு நாள் மருத்துவமனைக்கு வந்தேன். நான்கு நாளும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உன் அக்கா உங்கள் ஊர் கெமியிலிருந்து வந்திருக்கிறாளாம். நேற்று நடைவழியில் என்னைப் பார்த்தாள். உன் நெற்றிதான் அவளுக்கும். கதவை மெதுவாகச் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் தேவலை.

கண்ணைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வீக்கம் வடிந்தால் பார்வை வரும் என்கிறார் எங்கள் அணி வைத்தியர். அவர் சொல்லி எது நடந்திருக்கிறது?

எல்லாம் மூன்று நொடி. பக் விழுந்தது, உன் கையுறை விழுந்தது, நான் குத்தினேன். பதினேழு வயதிலிருந்து அப்படித்தான். கையுறை விழும் சத்தம் கேட்டால் என் கை தானாகப் போகும், யோசனை அப்புறம்தான் வரும். நீ பின்னால் சாய்ந்து மண்டை பனியில் மோதியபோதுதான் உன் முகத்தையே பார்த்தேன். உன் வாய் சிரித்த மாதிரி இருந்தது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

லீக் எனக்கு ஒரு தண்டனையும் தரவில்லை. "ரெண்டு பேரும் சம்மதிச்ச சண்ட" என்றார்கள்.

நீதானே கையுறையைப் போட்டாய், அவுலிஸ்?

மெர்வ்


கெமி
6 மார்ச் 1977

திரு. டன்ஸ்மோர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இங்கே வந்து சேர்ந்தது. இடது கண் போய்விட்டது. ஒவுலு நகரத்தில் இரண்டு மருத்துவர்கள் பார்த்தார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறது.

உங்கள் ஊர்ப் பத்திரிகைத் துண்டை என் அக்கா எடுத்து வைத்திருக்கிறாள். "நேர்மையான சண்டை" என்று போட்டிருக்கிறது. நீங்கள் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எழுத வேண்டாம்.

அ. நிக்குலா


சாஸ்கடூன்
2 ஏப்ரல் 1977

அவுலிஸ்,

திரு. டன்ஸ்மோரா? என் காலுறை நாற்றத்தை மூன்று வருஷம் முகர்ந்தவன் நீ. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி ஊட்டியவன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இது தாங்க முடியவில்லை. நீ வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

அன்றைக்கு ஆட்டத்துக்கு முன்னால் பிராண்ட் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். மன்னிப்புக்காக இல்லை. "உன் பழைய கூட்டாளி வர்றானே, அந்த வெளிநாட்டுக்காரன். அவனுங்கெல்லாம் கோழைங்க. முதல் நிமிஷமே ரெண்டு தட்டு தட்டுனா ராத்திரி பூரா ஓரமாவே சுத்துவான். உனக்கு இந்த எடம் வேணுமா வேணாமான்னு இன்னைக்குக் காட்டு." முடியாது என்று நான் சொல்லவில்லை. வயிறு இருக்கிறதே.

இப்போது என்னைத் தின்பது வேறு. சண்டைக்கு வருகிறவன் இரண்டு கையுறையையும் உதறுவான். உன்னுடையது ஒன்றுதான் விழுந்தது. வலது கை. எங்கள் பையன்களைக் கேட்டேன். "ரெண்டும்தான்பா விழுந்துது, சும்மா மண்டையப் போட்டு உடைச்சுக்காத" என்கிறார்கள். இல்லை. நீ விழுந்து கிடந்தபோது உன் இடது கையில் கையுறை இருந்தது. மட்டையைக்கூட விடவில்லை நீ.

அப்படியானால் அந்த வலது கை எதற்கு வந்தது? அடிக்க வந்ததா? அடிக்க வந்தது என்றால் நான் சண்டைக்காரன், அவ்வளவுதான். அதோடு வாழ்ந்துவிடுவேன். வேறு எதற்காவது வந்தது என்றால் நான் யார்?

ஒரு வரி போதும்.

மெர்வ்


கெமி
12 ஜூன் 1977

மெர்வ்,

ஒரு வரி போதுமா உனக்கு? எனக்குப் போதாது.

நான் வந்த முதல் வருஷம் எத்தனை மட்டை என் விலாவில் இறங்கியது என்று நீ எண்ணினாய். இருபத்தாறாவதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டோம். "ஊருக்குப் போடா, கோழி" என்று ஒவ்வொரு ஊரிலும் கத்தினார்கள், உங்கள் பேச்சில் கோழி என்றால் கோழை. ரப்பர்க் கோழியைப் பனியில் வீசினார்கள். திருப்பி அடித்தால் முரட்டு வெளிநாட்டான், அடிக்காவிட்டால் கோழை. நம் தண்டர் பே மேலாளரிடம் நான் அதைச் சொன்னபோது என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி, இது எங்க ஆட்டம். உனக்குப் பிடிக்கலன்னா கதவு அந்தப் பக்கம்." எங்கள் ஆட்டமாம். உன் அப்பா எந்தக் கப்பலில் வந்து சுரங்கத்தில் இறங்கினார் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். நாற்பது வருஷம் முன்னால் வந்து இறங்கியவன் பிள்ளை மண்ணின் மைந்தன், நேற்று வந்தவன் கோழி.

அந்த ஊர்களிலெல்லாம் ஒரே ஒருத்தன்தான் என் பெயரைச் சரியாகச் சொன்னான். அவன்தான் என் கண்ணை எடுத்தான். போதுமா?

இங்கே மரக்கூழ் ஆலையில் வேலை. மரக்கட்டை எண்ணுகிறேன். ஒரு கண்ணால் எண்ணினால் தூரம் தெரிவதில்லை, இரண்டு தடவை தடுக்கி விழுந்தேன். ஆலையில் எல்லோரும் முதுகில் தட்டி "கனடாக்காரங்கூடவே மல்லுக்கு நின்னியாமே, பலே" என்கிறார்கள். நான் அடுத்த கட்டையை எண்ணுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லும் முன் நான் ஒன்று கேட்க வேண்டும். நவம்பரில் நான் உனக்கு எழுதிய கடிதம் கிடைத்ததா? ஆம் அல்லது இல்லை. யோசித்து எழுது. எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

அவுலிஸ்


ஃப்ளின் ஃப்லான்
4 செப்டம்பர் 1977

அவுலிஸ்,

உன் கடிதம் பழைய முகவரிக்குப் போய்ச் சுற்றி வந்ததில் தாமதம். நவம்பரில் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பதில்கூடப் போடவில்லையே பையன் என்று எனக்கு உன்மேல் வருத்தம் இருந்தது. தபால்காரர்கள் வேலைநிறுத்தம் ஏதாவது செய்திருப்பார்கள். என்ன எழுதியிருந்தாய்?

முகவரியைப் பார்த்தாயா? பட்ட காலிலே படும் என்பார்கள், எனக்கு அப்படித்தான். பிராண்ட் கோடையில் ஸ்வீடனிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்துவிட்டார். கோழைகள் என்றவரேதான். என்னிடம், "காலம் மாறிப்போச்சு மெர்வ், இப்ப வேகந்தான் வேணும்" என்றார். யார் காலத்தை மாற்றினாராம்? அந்த வேகத்தை நிறுத்தத்தானே என்னை ஏவினார்.

அப்பா இறங்கிய அதே செப்புச் சுரங்கத்தில் நானும் இறங்குகிறேன். டோரீன் பிராண்டனில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "உங்கூடப் பேசுறதும் செவுத்தோட பேசுறதும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொய் சொல்லவில்லை அவள்.

சேர்ந்த அன்றைக்கு மேஸ்திரி கை குலுக்க வந்தார். என் கை போகவில்லை, அவுலிஸ். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஊரில் பெரிய ஆட்டக்காரன் என்ற திமிர் என்று நினைத்துக்கொண்டார். யார் வெறும் கையை நீட்டினாலும் எனக்கு அந்த மூன்று நொடி வருகிறது. முப்பத்தைந்து வயதில் கை குலுக்கத் தெரியாதவன் ஆகிவிட்டேன்.

நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. எதுவானாலும் சொல். எதற்காகக் கழற்றினாய்?

மெர்வ்


கெமி
1 நவம்பர் 1977

அன்புள்ள மெர்வ்,

என் கடிதம் உனக்கு வரவில்லை என்று எழுதியதைப் பல தடவை படித்தேன். பத்து மாதமாக அது வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படித்தும் நீ அப்படிச் செய்தாய் என்று நினைத்தேன். உன்னை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று எழுத எனக்கு நீ கற்றுக்கொடுத்த சொற்கள் போதாது. அந்த வெறுப்பு இப்போது இல்லை. நிம்மதியும் இல்லை. வைத்துக்கொள்ள ஒன்று இருந்தது, அதுவும் போய்விட்டது, அவ்வளவுதான்.

அந்தக் கடிதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. குளிர், ரொட்டி, புதுப் பையன்கள். விட்டுவிடு.

உன் கேள்விக்குப் பதில். நான் சண்டைக்குத்தான் கழற்றினேன். மூன்று வருஷமாகக் கோழி என்று கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. ஒரே ஒரு தடவை உங்கள் சட்டப்படி நிற்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு எவனிடம் நின்றாலும் கொன்றுவிடுவான், உன்னிடம் என்றால் பார்த்து அடிப்பாய் என்று உன்னைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாவது கையுறையைக் கழற்றுவதற்குள் நீ முந்திவிட்டாய். நான் மெதுவான ஆள், உனக்குத் தெரியுமே. வாய் சிரித்தது பயத்தில்.

நீ சட்டத்தை மீறவில்லை. மேஸ்திரிக்குக் கை கொடு. டோரீனைக் கூப்பிடு.

இங்கே கடல் உறைய ஆரம்பித்துவிட்டது. ஆலைப் பையன்கள் கரையோரம் ஆடுகிறார்கள். என்னை நடுவராக நிற்கச் சொன்னார்கள். ஒற்றைக் கண் நடுவர் என்றால் எல்லா ஊரிலும் ஒரே ஏச்சுதான் என்று சொன்னேன், சிரித்தார்கள். நான் போகவில்லை.

உன்
அவுலிஸ்


ஃப்ளின் ஃப்லான்
8 ஜனவரி 1978

அவுலிஸ்,

உன் நவம்பர்க் கடிதம் வந்த பிறகு ஏழு வாரம் மனிதனாக இருந்தேன். மேஸ்திரியிடம் போய், "அன்னைக்குக் கை குடுக்கல, மனசுல வெச்சுக்காதீங்க" என்று கை குலுக்கினேன். அவர் மறந்தே போயிருந்தார். டோரீன் கிறிஸ்துமஸுக்கு வந்தாள். அவளிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "நல்லவன்டா அந்தப் பையன்" என்று அழுதாள். ஏன் அழுகிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எப்படித்தான் தெரிகிறதோ.

போன வாரம் சுரங்க அணிக்காரர்கள் வந்து, "அண்ணே, உங்க பழைய சாமான் எதுவும் இருந்தா எங்களுக்குக் குடுங்க" என்றார்கள். ஜனவரி 22க்குப் பிறகு நான் என் ஆட்டச் சாமான் பையைத் துப்புரவு செய்யவே இல்லை. அதன் பக்கவாட்டு அறையில் மட்டைக்குச் சுற்றும் ஒட்டுப்பட்டை உருளைகள் இருந்தன. அவற்றுக்கு அடியில் உன் கடிதம் இருந்தது. பிரிக்காமல்.

தபால்காரர்கள்மேல் பழி போட்டேனே. அந்தக் கடிதம் வந்தது, அவுலிஸ். இப்போது நினைவு வருகிறது. பிராண்ட் என்னை முதல் தடவையாக ஆட விடாமல் பெஞ்சில் உட்கார வைத்த நாள் அது. ஓய்வறையில் யாரோ உறையை என் கையில் கொடுத்தார்கள். தண்டர் பே முத்திரையைப் பார்த்தேன். ஹெல்சிங்கிப் பையன்கள் எத்தனை கோல் போட்டார்கள் என்று எழுதியிருப்பாய் என நினைத்தேன். எரிச்சலில் பைக்குள் திணித்தேன். அப்புறம் சுத்தமாக மறந்துபோனேன்.

இப்போது படித்துவிட்டேன். பஸ் நிலையத்தில் நான் அழுதேனாம். கையுறையைக் கழற்று என்று சொன்னது நானாம். படிக்கப் படிக்க அந்தச் சாயங்காலம் முழுதும் திரும்பி வந்தது. உன் கழுத்தில் என் கை இருந்தது. உன் கம்பளித் துண்டு குத்தியது. சொன்னேன், நான்தான் சொன்னேன்.

நீ சிரித்தது பயத்தில் இல்லை.

பொய்யை அழகாகச் சொல்லியிருக்கிறாய். உனக்கு அந்த மொழியை நான் கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. ஆனால் அந்தப் பொய்க் கடிதத்தை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை, இந்த உறையில் திருப்பி அனுப்புகிறேன். ஆலையில் அவர்கள் முதுகில் தட்டும்போது உனக்கு அது தேவைப்படும்.

கையுறை விழுந்தால் கையெழுத்து என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். எழுதாவிட்டால் சம்மதம் என்று நீ எழுதியிருந்தாய். நான் எழுதவில்லை. ஆக, கையெழுத்துப் போட்டது நீ இல்லை.

2 நவம்பர் 1976 தேதியிட்ட உன் கடிதத்துக்கு இப்போது பதில் எழுதுகிறேன். ஒரு வரிதான் கேட்டிருந்தாய்.

வேண்டாம், அவுலிஸ். கையுறையைக் கழற்றாதே.

மெர்வ்